எவ்வளவுக்குப் போச்சு?

பழைய மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு நிம்மதியாக வீடு திரும்புகிறவனை வழியில் மறித்து, அந்த நிம்மதியை ஒரே சொல்லில் பிடுங்கிக்கொள்ளும் ஓர் இனம் உண்டு. அடடாக்காரர்கள் என்று பெயர். உங்கள் தெருவில் ஒருவர் நிச்சயம் இருக்கிறார். வேலை பார்க்கும் இடத்தில் இரண்டு பேர். கல்யாணம் ஆகியிருந்தால் மாமனார் வீட்டுப் பக்கமும் ஒருவரை எதிர்பார்க்கலாம்.

அடடாக்காரர் விற்பதற்கு முன் வாயே திறக்கமாட்டார். நீங்களாகப் போய் யோசனை கேட்டாலும், "அவசரப்படாதீங்க, பார்த்துச் செய்யலாம்" என்பதோடு சரி. சாவியைக் கொடுத்து, பணத்தை வாங்கி, அதைச் செலவும் செய்து முடித்த பிறகுதான் வருவார். "எவ்வளவுக்குப் போச்சு?" என்பார். நீங்களும் சொல்லித் தொலைப்பீர்கள். ஏன் சொல்கிறோம்? யாருக்குத் தெரியும்! அவர் கண்ணை லேசாக மூடி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இழவு வீட்டுக்குள் நுழைகிறவரைப் போலக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "அடடா!"

அவ்வளவுதான். அன்றைக்கு உங்களுக்குச் சோறு இறங்காது.

நாம் பார்க்கப்போகும் அடடாக்காரர் நெடுஞ்சாலை ஓரத்து எடைமேடையில் வேலை பார்ப்பவர். லாரி சரக்கோடு ஏறினால் ஒரு சீட்டு, சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக வந்தால் இன்னொரு சீட்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கின் எடை. இருபது வருடமாக வித்தியாசத்தையே பார்த்துப் பார்த்து, ஒருவனுக்குக் கிடைத்ததற்கும் கிடைத்திருக்கக்கூடியதற்கும் உள்ள வித்தியாசமும் அவர் கண்ணுக்குத் தானாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

மனைவியின் தம்பி தன் பழைய வண்டியை ஷோரூமில் கொடுத்து, புதுசுக்கு எக்ஸ்சேஞ்ச் போட்டுக்கொண்டு வந்தான்.

"அடடா! ஷோரூம்லயா கொடுத்தே மச்சான்? அவன் உன் வண்டியைத் துடைச்சு வச்சு நாளைக்கே ஒன்றரைப் பங்குக்கு விப்பான். நேரா ஒரு ஆளைப் பார்த்துக் கொடுத்திருக்கலாமே!"

"நீங்கதானே அத்தான் அவசரப்படாதேன்னீங்க?"

"அவசரப்படாதேன்னேன். ஏமாறுன்னா சொன்னேன்?"

அடுத்த மாதம் எதிர்வீட்டுத் தையல்காரர் தன் வண்டியை நேராக ஒரு ஆளைப் பார்த்து விற்றார்.

"அடடா! முன்னப்பின்னே தெரியாதவன்கிட்டயா? பேப்பர்ல பேரை மாத்திட்டானா? மாத்தலையா? நாளைக்கு அவன் எங்கேயாவது போய் இடிச்சா போலீஸ் யார் வீட்டுக் கதவைத் தட்டும்? பேசாம ஷோரூம்ல தள்ளிவிட்டிருந்தா அதெல்லாம் அவன் தலைவலி!"

தையல்காரர் மூன்று நாள் கதவுப் பக்கம் காதை வைத்துக்கொண்டே தைத்தார். ஒரு சட்டைக்கு இரண்டு கையும் இடது கையாக அமைந்தது.

இப்படியே காலம் போயிருந்தால் நமக்குக் கதை இல்லை. அடடாக்காரர் தம் வண்டியையே விற்கவேண்டிய நாள் வந்தது.

அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பொறுப்பாளராகப் பதவி உயர்வு கிடைத்திருந்தது. பதினான்கு வருட உழைப்பு. ஒரே ஒரு சிக்கல்: காலை ஆறு மணிக்கு அவர்தான் கதவைத் திறக்கவேண்டும், அவர்கள் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸே ஆறு பத்துக்குத்தான். ஸ்கூட்டர் வாங்கியே தீரவேண்டும். வாங்கினால் நிறுத்துவதற்கு இருப்பது ஒரு வண்டிக்கான இடம், முன்பணத்துக்கு இருப்பதும் அந்தப் பழைய வண்டிதான். அதுவும் மனைவியின், அந்த அம்மாவின், சம்பளத்தைக் காட்டிக் கடன் வாங்கி, அவர் பேரிலேயே எடுத்த வண்டி.

"ஒண்ணாந்தேதிக்குள்ள ஸ்கூட்டர் வேணுங்க. வண்டியை நான் குடுத்துடட்டுமா?"

"உனக்கு என்ன தெரியும்? ஏமாத்திடுவான். நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். ஷோரூமில் ஓர் இளம்பெண் வண்டியைச் சுற்றி வந்தாள். முன்பக்கத்தை அமுக்கிப் பார்த்தாள், செயினை விரலால் தூக்கிப் பார்த்தாள், தட்டினால் மட்டும் எரியும் இடது இண்டிகேட்டரைத் தட்டாமலேயே கண்டுபிடித்தாள். ஒரு தொகை சொன்னாள். நியாயமான தொகைதான். ஆனால் அவர் காதில் விழுந்தது தொகை இல்லை. மச்சானும் தையல்காரரும் எடைமேடையில் கூட வேலை பார்க்கும் காசாளரும் சேர்ந்து பாடிய 'அடடா'. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

சரி, நேராக விற்கலாம் என்று விளம்பரம் கொடுத்தார். முதலில் வந்தவர் பள்ளிக்கூட ஆசிரியர். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, "நீங்க கேட்டதையே தர்றேன்" என்றார். அடடாக்காரருக்கு வியர்த்துவிட்டது. பேரமே பேசாமல் ஒருத்தன் ஒப்புக்கொள்கிறான் என்றால் குறைத்துச் சொல்லிவிட்டோம் என்றுதானே அர்த்தம்? "அது போன வாரத்து விலை சார்" என்று ஏற்றினார். ஆசிரியர் நடையைக் கட்டினார். அடுத்து வந்தவர் குறைத்துக் கேட்டார். குறைத்துக் கேட்கிறவனுக்குக் கொடுப்பதா? அவரும் போனார்.

அதற்குள் ஒன்றாம் தேதியே வந்துவிட்டது. மனைவியைத் தினமும் விடியற்காலையில் அதே வண்டியில் கொண்டுபோய் விட்டார். ஐந்தாம் நாள் வண்டி கிளம்பவில்லை. அம்மா ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறரை. பூட்டிய கதவுக்கு முன்னால் வெறும் வயிற்றோடு பதினாறு பேர். வெறும் வயிற்றுக்காரர்களின் கோபம் எப்படிப்பட்டது என்று நான் சொல்லவேண்டியதில்லை. இன்னொரு நாள் இப்படி ஆனால் பழைய இடத்துக்கே போகவேண்டியதுதான் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

மறுநாள் அம்மா பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் போனார். நம்மவர் உதைத்து உதைத்து அலுத்து, ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு எடைமேடைக்குப் போனார். சாயங்காலம் வந்து பார்த்தால் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. கறையின் மேல் பளபளவென்று ஒரு ஸ்கூட்டர்.

"வண்டி எங்கே?"

"வித்துட்டேன்."

"அது கிளம்பவே கிளம்பாதே!"

"சோக்கை இழுத்தேன். கிளம்பிடுச்சு."

"ஷோரூம்லயா, நேராவா?"

"வித்துட்டேங்க."

"பேரு மாத்தியாச்சா?"

"அதெல்லாம் ஆச்சு."

"எவ்வளவுக்குப் போச்சு?"

அம்மா புதுச் சாவியை ஆணியில் மாட்டினார். "வேணுங்கற அளவுக்குப் போச்சு. கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

அதற்குப் பிறகு அவர் பட்ட பாடு! பீரோவில் ரசீதைத் தேடினார். பரிசோதனைக் கூடத்து அலமாரியில் அது பத்திரமாக இருந்தது. ஷோரூமுக்குப் போன் போட்டார். "அதை வண்டிக்காரங்களுக்குத்தான் சார் சொல்லுவோம்" என்றது ஒரு குரல். சாப்பிடும்போது திடீரென்று ஒரு தொகையைச் சொல்லி மனைவியின் முகத்தைப் பார்த்தார். இன்னொன்றைச் சொல்லிப் பார்த்தார். "குழம்பு ஊத்தட்டுமா?" என்றார் அம்மா. தொண்டைக்குள் ஒரு முழு 'அடடா' தயாராக நிற்கிறது, இறக்கிவைக்க இடமில்லை. தூக்கம் வருமா?

மறுநாள் எடைமேடையில் காசாளர் ஆவலோடு வந்தார். நம்மவரிடம் தொழில் கற்றவர். "வண்டி போயிடுச்சாமே? எவ்வளவுக்குப் போச்சு?" கேட்கும்போதே கண்ணை லேசாக மூடி, தலையைச் சாய்த்து, வாயை 'அ'வுக்குத் திறந்து வைத்துக்கொண்டார்.

"தெரியாது" என்றார் நம்மவர்.

காசாளரின் வாய் அப்படியே நின்றது. ஒரு லாரி ஏறி இறங்கிப் போனது, வாய் மூடவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக நம்மவர் ஓர் அடடாவிலிருந்து தப்பித்தார். அது யார் கொடுத்த வரம் என்று புரிந்தபோது கோபம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

அம்மா தினமும் ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே கதவைத் திறந்துவிடுகிறார். கதை சுபம். நீங்களும் போய் உங்கள் வேலையைப் பார்க்கலாம்.

என்ன, எழுந்திருக்கவில்லையே? சொல்லுங்கள், சும்மா கேளுங்கள். "அதெல்லாம் சரி, கடைசியில் அந்த வண்டி எவ்வளவுக்குத்தான் போச்சு?"

அடடா!