பக்கி குடித்த ஆட்டுப்பால்

எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் காய்ச்சல் மாத்திரை வாங்கப் போய், லத்தீன் பாடம் கேட்காமல் திரும்பியவர் இடுக்கி மலையிலேயே கிடையாது. கம்பவுண்டர் அப்படி. செமினரியில் சாமியாருக்குப் படிக்கப் போய் இரண்டே வருடத்தில் ஓடி வந்தவர். அங்கிருந்து கொண்டுவந்தது ஒரு போர்வையும் லத்தீனும்தான். போர்வை கிழிந்துபோயிற்று. அவர் பெயரே 'லத்தீன்' என்றாகிவிட்டது.

போன வருடம் பறவைக் கணக்கெடுக்க வந்த கல்லூரிப் பிள்ளைகள், டீக்கடையில் எங்கள் பக்கிக்குருவியைப் பற்றிப் பேசினார்கள். அந்தியில் பூச்சி பிடிக்க வரும் சருகு நிறக் குருவி அது. அதற்கு அறிவியலில் 'காப்ரிமுல்கஸ்' என்று பெயராம். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த லத்தீனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"காப்ரான்னா ஆடு. முல்கேரேன்னா கறக்குறது. ஆட்டுல பால் கறக்குறவன்னு அர்த்தம்லே," என்றார் என்னிடம்.

பக்கத்தில் இருந்த ஆரோக்கியம் அக்கா டீயைக் கீழே வைத்தார். ஒரு வாரமாக அவருடைய ஆடு சாயங்காலம் சொட்டுப் பால்கூடத் தரவில்லை.

"அப்ப அந்தப் பக்கிதானா?"

இருட்டுவதற்குள் லயத்து வீடுகள் முழுக்கப் பேச்சாகிவிட்டது. மறுநாள் காலை அக்காவும் நாலு பேரும், பக்கி முட்டையிட்டிருந்த புதரை வெட்ட அரிவாளோடு கிளம்பினார்கள். லத்தீன் ஆஸ்பத்திரியைப் போட்டது போட்டபடி விட்டு ஓடி, முட்டைகளுக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஆட்டைச் சுத்தி பூச்சி பிடிக்க வந்தத, பால் குடிக்க வந்ததா நெனச்சு அந்தக் காலத்து ஆளுங்க வச்ச பேரு. சுத்தப் பொய்."

"நேத்து நீங்கதான சொன்னீங்க," என்றார் அக்கா.

"நேத்து அர்த்தம் சொன்னேன். இன்னிக்கு உண்மையச் சொல்லுதேன்."

சாயங்காலம் வரை அக்கா தவணை கொடுத்தார். லத்தீன் நேரே ஆட்டுக்கொட்டகைக்குப் போய், வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு நோயாளிகள் அங்கேயே வந்து மாத்திரை வாங்கினார்கள். மூன்று மணி இருக்கும். ஆடு ஒருமுறை சுற்றுமுற்றும் பார்த்தது. பிறகு கழுத்தை வளைத்து, தன் மடியில் தானே வாய் வைத்துக் குடிக்க ஆரம்பித்தது.

கொட்டகை வாசலில் நின்று அக்காவும் அதைப் பார்த்தார். "இத நான் புள்ள மாதிரி வளத்தேன்," என்றார்.

"கோவப்படாத தாயி. அதோட பால்தான," என்றார் லத்தீன்.

மறுநாள் காலை, புதருக்கு முன்னால் குந்தி அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"மன்னிப்புக் கேக்கேன். பழி போட்ட பாஷையிலயே கேட்டாத்தாம்ல முறை."

இந்த வருடம் ஓய்வுபெற்று, மகளோடு திருநெல்வேலிக்குப் போய்விட்டார். சில அந்திகளில் பக்கி கத்தும்போது அவருக்குப் போன் போட்டு, ஒன்றும் பேசாமல் ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடிக்கிறேன். அது கத்தி ஓயும்வரை அவர் போனை வைப்பதில்லை.