ஒற்றைத் தெம்பே வாங்கும் பையன்

யோக்யகர்த்தா,
வெள்ளிக்கிழமை

அன்புத் தம்பி ஹர்யந்தோவுக்கு,

ஸலாம். இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நீங்களாவது நலமாக இருங்கள். ஒரு குடும்பத்தில் ஒருவன் தூக்கம் கெட்டால் போதும்.

பல்கலைக்கழக வாசலில் நானும் உன் அண்ணியும் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு வரும் மாணவர்கள் இப்போது கையில் காசே வைப்பதில்லை. "ஸ்கேன் இல்லையா பாக்?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார்கள். வேறு வழியின்றி நம் பெண் ரெத்னோவின் போன் எண்ணில் கணக்குத் திறந்து, அந்தக் கட்டம் போட்ட அட்டையை ஒட்டி, வந்த பணத்தைச் சத்தமாகச் சொல்லும் பெட்டியையும் வைத்தேன். வியாபாரம் சூடு பிடித்தது. அதில் ஃபஹ்மி என்றொரு பையன், பாடாங் ஊர்க்காரன், கால்நடை மருத்துவம் படிக்கிறான். ஒரே ஒரு சோயா தெம்பே வறுவல் வாங்குவான், பணம் அனுப்புவான், தின்பான், மறுபடி ஒன்று வாங்குவான். "மொத்தமா வாங்கிக்கயேம்பா" என்றால், "சூடா சாப்பிடணும் பாக்" என்பான். ருசி தெரிந்த பிள்ளை என்று ஊரெல்லாம் புகழ்ந்தேன், மடையன்!

நேற்று ரெத்னோ தொழப் போயிருந்தாள். பெட்டி கத்தியது. போனை எடுத்துப் பார்த்தால் தொகைக்குக் கீழே ஃபஹ்மி எழுதிய ஒரு வரி: 'இன்னைக்கு ஏன் முகம் வாட்டமா இருக்கு?' என்னைத்தான் கேட்கிறான் என்று, "வாயுத் தொல்லைப்பா, ராத்திரி பூரா தூக்கமில்ல" என்றேன். தெம்பே அவன் தொண்டையில் சிக்கிக்கொண்டது. முதுகில் தட்டிக்கொண்டே போனை மேலே தள்ளிப் பார்த்தேன். மாதக்கணக்காக, தெம்பேக்கு ஒரு வரியாக, இதே கதை! நம் பெண்ணும் சும்மா இல்லை, ஒவ்வொரு முறையும் ஒரு ரூபியாவைத் திருப்பி அனுப்பி அதில் பதில் எழுதியிருக்கிறாள்.

அட்டையைக் கிழித்தேன். "இனிமே கைக்காசுதான்!" மத்தியானத்துக்குள் கடையில் நானும் ஈயும்தான். ரெத்னோ அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "படிச்சுப் பாருங்கப்பா. ஒரு வார்த்தை தப்பா இருந்தா நானே அவனை வரவேணாம்னு சொல்லிடுறேன்" என்றாள். படித்தேன். ஒரு வார்த்தை தப்பில்லை. என் முழங்கால் வலிக்குக்கூட மருந்து சொல்லியிருக்கிறான், மாட்டு வைத்தியன்! உன் அண்ணி வேறு, "நீங்க என்னைப் பாத்தப்போ இவ்வளவு மரியாதையாவா பேசினீங்க?" என்கிறாள்.

சாயங்காலம் அவனே வந்து நின்றான். "பாக்... அடுத்த ஞாயித்துக்கிழமை... உங்ககிட்ட..." அதற்குமேல் பேச்சு வரவில்லை. போன் இல்லாமல் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாயே இல்லை. வீட்டாரோடு பெண் கேட்டு வரப்போகிறான், அது எனக்குப் புரிந்துவிட்டது. பாடாங் கடலுக்கு அப்பால் இருக்கிறது, தம்பி. இருப்பது ஒரே பெண். அவளைக் கப்பலேற்றிவிட்டு நான் எப்படி அடுப்பு மூட்டுவேன்? நீ உடனே புறப்பட்டு வந்து அவனை ஒரு அதட்டு அதட்டு. எனக்கு அவனைப் பார்த்தால் கோபம் வர மாட்டேன் என்கிறது.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசி. அல்லாஹ் உங்களைக் காப்பானாக.

உன் அண்ணன்,
சுமர்ஜோனோ

பின்குறிப்பு: உறை ஒட்டும்போது பையனின் தாய்மாமன் போன் செய்தார். அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து இருப்பானாம்! அதட்டுவதெல்லாம் வேண்டாம். புது அட்டை ஒட்டியாகிவிட்டது. வரும்போது நல்ல பாத்திக் சட்டையாக இரண்டு எடுத்து வா, ஒன்று எனக்கு.