பிரம்பு நாற்காலி டாட் காம்

காந்தாவின் தையல் தொழிலைத் தாமே காப்பாற்றுவது என்று ஆதிகேசவன் முடிவு செய்தது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை இரண்டாவது காப்பிக்கும் மூன்றாவது காப்பிக்கும் நடுவில். பெரிய முடிவுகளை அவர் எப்போதும் அந்த இடைவெளியில்தான் எடுப்பார். வி.ஆர்.எஸ். வாங்கியதும் அப்படித்தான்.

அல்சூர் ஏரிக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டின் முன்னறையில் காந்தா பதினைந்து வருஷமாக ப்ளவுஸ் தைத்துவந்தாள். இரண்டு மிஷின், துணி வெட்ட ஒரு மேஜை, போட்டுப் பார்க்க மூலையில் ஒரு திரை. காக்ஸ் டவுனிலிருந்தும் விவேக் நகரிலிருந்தும்கூட பஸ் பிடித்து வருவார்கள். தீபாவளியும் கிறிஸ்துமஸும் நெருங்கினால் வீட்டில் குழம்பு வைக்க நேரமிருக்காது. அவள் தைத்தது தோளில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.

ஆதிகேசவன் ஒரு பெரிய தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசராக இருந்தவர். யார் வந்து நின்றாலும் என்ன வேண்டும், எதற்கு வேண்டும், முன்னால் வாங்கியது என்ன ஆயிற்று என்று கேட்டே முப்பது வருஷம் பழகியவர். அந்த இரண்டாயிரமாவது வருஷம் பொங்கலோடு ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வந்ததும் பிரம்பு நாற்காலியை முன்னறை ஜன்னலோரம் போட்டார். நல்ல வெளிச்சம், நல்ல காற்று. திரைக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அங்கே உட்கார்ந்து பேப்பர் படித்தார். பேப்பர் முடிந்ததும் வந்தவர்களைக் கவனித்தார்.

"வாங்க டீச்சர். போன தடவ தெச்சது கை பிடிக்குதுன்னீங்களாமே. உடம்பு கொஞ்சம் போட்டுட்டீங்களோ?"

அக்கறையாகத்தான் கேட்டார். பள்ளிக்கூட டீச்சர் பாமா கொண்டுவந்த பையைத் திறக்காமலே, "அப்புறம் வரேங்க்கா" என்று காந்தாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். அப்புறம் வரவில்லை. வாசல்வரை வந்து, ஜன்னலில் தெரிந்த வழுக்கையைப் பார்த்து, செருப்பைக் கழற்றாமலே திரும்பிய பெண்கள் பலர். ஆடி போய் ஆவணி வந்தும், கல்யாண மாசத்திலும், ஒரு மிஷின் உறை போட்டபடியே நின்றது. அந்த உறைமேல் படிந்த தூசியைக் காந்தா தினமும் தட்டிவிட்டாள். பதினைந்து வருஷம் மிதித்து வளர்த்த தொழில் கண்ணெதிரே காய்ந்துகொண்டிருந்தது.

ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். "உள் ரூம்ல ஃபேன் நல்லா சுத்துதுங்க."

"இங்கயே காத்து ஜாஸ்தியா வருது, விடு" என்றார் அவர்.

அதற்கு மேல் நேராகச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. முப்பது வருஷம் நின்றே வேலை பார்த்த மனிதர், இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறார். அவரை எப்படி எழுந்திரு என்று சொல்வது?

ஆதிகேசவனும் உறை போட்ட மிஷினைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டுக்குத் தம்மால் ஒரு உபயோகமும் இல்லை என்ற குறை அவரை அரித்துக்கொண்டிருந்தது. அன்று மூன்றாவது காப்பி வந்தபோது காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"மார்க்கெட்டிங் இல்ல காந்தா. அதான் விஷயம். எம்.ஜி. ரோட்டுல போர்டு பாத்தியா? புடவைக்கு டாட் காம், பூவுக்கு டாட் காம். உனக்கு ஒரு வெப்சைட் போட்டுத் தரப்போறேன்."

காந்தா ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டாள். "யாருக்குங்க அது?"

"உலகத்துக்கு."

"உலகம் ப்ளவுஸ் போடுதா?"

"அமெரிக்காவுல நம்ம பொண்ணுங்க இருக்காங்கல்ல."

"அங்க குளிருக்கு மேல கோட்டு போட்டுப்பாங்களாமே. உள்ள நான் எப்படி தெச்சா யார் பாக்கப் போறா?"

அவர் பதிலுக்கு வாயைத் திறந்தார். அதற்குள் காந்தா கோத்த நூலை முடிச்சுப் போட்டு, கணவரைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் கணவரைப் பார்த்தாள்.

"சரி, போடுங்க" என்றாள்.

ஆதிகேசவன் மனத்தில் அடுக்கி வைத்திருந்த வாதமெல்லாம் வீணாயிற்று. மனைவி இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டால் எங்கேயோ இடிக்கிறதே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

"தெருமுனை பிரவுசிங் சென்டர்லயே கேட்டுடறேன்."

"அங்க வேணாங்க. காக்ஸ் டவுன்ல டெஸ்மண்ட்னு ஒருத்தர் சென்டர் வெச்சிருக்காராம். நல்லா பண்ணுவார்னு பார்கவி சொன்னா."

பார்கவி சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். அடுத்த தெருவில் குடியிருந்தாள். இன்னமும் தவறாமல் வரும் ஒரே வாடிக்கை அவள்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆதிகேசவன் மார்க்கெட்டுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வருவாள்.

டெஸ்மண்ட் கம்ப்யூட்டரை ஆன் செய்யவே இல்லை. ஆதிகேசவன் போட்டுக்கொண்டு வந்த திட்டத்தைப் பொறுமையாகக் கேட்டான். முதல் பக்கத்தில் ஆதிகேசவனின் படம், பிரிவு உபசார விழாவில் மாலையோடு எடுத்தது. இரண்டாம் பக்கத்தில் அவருடைய வாழ்த்துச் செய்தி. மூன்றாம் பக்கத்தில் ஸ்டோர்ஸில் அவர் ஆற்றிய பணிகள். பின்னணியில் வீணை. ஓரத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு கோபுரம்.

"இதுல ப்ளவுஸ் எங்க அங்கிள்?"

"அது ஆறாம் பக்கத்துல வருது."

டெஸ்மண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். "அங்கிள், சைட்டுக்கு யார் வருவாங்க? வந்து என்ன தேடுவாங்க? இப்ப அவங்க கடைக்கு வராததுக்கு என்ன ரீஸன்? இந்த மூணும் தெரியாம நான் மவுஸையே தொட மாட்டேன்."

"மூணாவது எனக்கே தெரியும்ப்பா. வெப்சைட் இல்லாததுதான்."

"அத அவங்க சொல்லட்டும் அங்கிள். போய்க் கேட்டுட்டு வாங்க."

ஆதிகேசவன் வீட்டுக்கு வந்து ஆறாம் பக்கத்தைக் காந்தாவிடம் காட்டினார். மார்பு, இடுப்பு, கை என்று வரிசையாகக் கட்டம் போட்டிருந்தார். பெண்கள் இன்ச் கணக்கில் நிரப்பி அனுப்ப வேண்டியது. காந்தா சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள்.

"இந்த ஊர்ல ஒருத்திக்கும் தன் அளவு இன்ச்சுல தெரியாதுங்க. அளவு ஜாக்கெட்தான் கொண்டாருவாங்க. 'இதே மாதிரி தெச்சுடுங்க, ஆனா இது மாதிரி வேணாம்'னு சொல்லுவாங்க. நான் புரிஞ்சிப்பேன். அதுக்கு எப்படிக் கட்டம் போடுவார் உங்க டெஸ்மண்ட்?"

நியாயமான கேள்வி. மறுநாள் ஆதிகேசவன் காந்தாவின் பழைய அளவு ஜாக்கெட் ஒன்றைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு போய், டெஸ்மண்டின் ஸ்கேனர்மேல் விரித்தார். டெஸ்மண்ட் பாய்ந்து வந்து மூடியைக் கையால் பிடித்துக்கொண்டான்.

"அங்கிள், ஆண்டவர் மேல சத்தியமா, லேடீஸ் ஐட்டம் நான் ஸ்கேன் பண்ண மாட்டேன். மம்மி பின்னாடி ரூம்லதான் இருக்காங்க. கேட்டுட்டு வாங்கன்னு சொன்னேனே, கேட்டீங்களா?"

வேறு வழியில்லாமல் கேட்கக் கிளம்பினார். முதலில் பாமா டீச்சர் வீடு. அவள் கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றாள்.

"எங்க கடையில உங்களுக்கு என்ன தேவை டீச்சர்? மறைக்காம சொல்லணும்."

"கொறன்னு ஒண்ணுமில்லண்ணா." பாமா கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தபடி சொன்னாள். "அக்கா தனியா இருக்கறப்ப வந்தா நல்லாருக்கும்."

'ஒவ்வொருவருக்கும் தனிக் கவனிப்பு' என்று மனத்தில் பதித்துக்கொண்டார் ஆதிகேசவன்.

எதிர்வீட்டு அம்மாள், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வரலாம் என்றிருப்பதாகச் சொன்னாள். 'இருபத்துநாலு மணி நேர சேவை' என்று அவருக்குப் பட்டது. விவேக் நகர் நர்ஸ் ரொம்ப நேரம் தயங்கிவிட்டு, "அந்த ஜன்னல் பக்கம்தாண்ணா, ஒரு மாதிரி இருக்கு" என்றாள். வெப்சைட் பக்கத்தின் நிறம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஆதிகேசவன் புரிந்துகொண்டார்.

சாயங்காலம் எல்லாவற்றையும் காந்தாவிடம் ஒப்பித்தார். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைப்பதுபோல் கொஞ்ச நேரம் மூடிக்கொண்டாள்.

"எல்லாரும் கரெக்டாத்தான் சொல்லியிருக்காங்க. அப்படியே செஞ்சிடுங்க" என்றாள். "ஆனா சைட்டைப் போட்டுட்டா ஆச்சா? யாராவது கேள்வி கேட்டா?"

"மெயில் வரும். நான் பதில் போடுவேன்."

"உடனே போடணும்ல. லேட்டானா வேற டெய்லர்கிட்ட போயிடுவாங்க."

"உடனே போடுவேன்."

"வேலைக்குப் போற பொம்பளைங்களுக்கு எப்பங்க நேரம் கெடைக்கும்?"

ஆதிகேசவன் யோசித்தார். வாடிக்கையாளரின் தேவையை முன்கூட்டி உணர்ந்த பெருமிதம் முகத்தில் படர்ந்தது. "சாயங்காலம். நாலுலேர்ந்து எட்டு."

"அப்ப நாலு மணிக்கே நீங்க காக்ஸ் டவுன்ல இருக்கணும்."

"இருந்துட்டா போச்சு."

"அங்க அந்த பிளாஸ்டிக் ஸ்டூல்ல உக்காந்தா உங்க முதுகு என்னத்துக்கு ஆவும்?" காந்தா எழுந்து வந்து, ஜன்னலோரம் கிடந்த நாற்காலியின் கையைத் தடவிக்கொடுத்தாள். "இதை எடுத்துட்டுப் போயிடுங்க."

இவள் தம் முதுகைப் பற்றிக்கூட நினைக்கிறாளே என்று ஆதிகேசவனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. மறுநாளே கோவிந்தப்பாவின் ஆட்டோவில் நாற்காலி ஏறியது. "ஏனு சார், மனெ காலியா?" என்று கோவிந்தப்பா கன்னடத்தில் கேட்டான். "வீடு காலி பண்ணலப்பா, ஆபீஸ் தொறக்கறேன்" என்றார் அவர்.

சைட் எழுந்தது. டெஸ்மண்ட் பிடிவாதமாகக் கோபுரத்தையும் வீணையையும் கழற்றிவிட்டு, காந்தாவின் பெயர், வீட்டு விலாசம், நேரம், கேள்வி கேட்க ஒரு கட்டம், இவ்வளவுதான் வைத்தான். ஆதிகேசவனின் படம் தபால்தலை அளவில் கீழே ஓர் ஓரத்தில் கிடைத்தது.

முதல் நாளே ஒரு மெயில் வந்தது. பெயர் இல்லை, 'ஒரு வாடிக்கையாளர்' என்று மட்டும் இருந்தது. கை நீளம் வைத்தால் தோள் இழுக்குமா என்று கேள்வி. ஆதிகேசவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரு விரலால் தட்டித் தட்டி இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதினார். மறுநாள் நாலு மணிக்கு இன்னொரு கேள்வி காத்திருந்தது. அதற்கு மறுநாள் இன்னொன்று. வாரக்கணக்கில் ஒரு நாள் தவறவில்லை. பட்டுக்கு உள் துணி அவசியமா, கொக்கி முன்னாலா பின்னாலா, நூல் சாயம் போகுமா. இப்படியொரு அறிவு தாகம் உள்ள பெண்மணியை அவர் ஸ்டோர்ஸில் பார்த்ததே இல்லை.

அதைவிட அதிசயம் வீட்டில் நடந்தது. எட்டு மணிக்கு மேல் அவர் திரும்பும்போதெல்லாம் மேஜைமேல் அளவு ஜாக்கெட் பைகள் குவிந்திருந்தன. இரண்டாவது மிஷினின் உறை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"பாத்தியா?" என்பார்.

"எல்லாம் நீங்க அங்க போய் உக்காந்த நேரங்க" என்பாள் காந்தா. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

ஒரு வியாழக்கிழமை மெயில் வரவில்லை. ஐந்து மணி ஆயிற்று, வரவில்லை. ஆறு ஆயிற்று. நேற்று எழுதிய பதிலில் ஏதாவது மனம் நோகும்படி சொல்லிவிட்டோமோ என்று ஆதிகேசவன் தவித்துப்போனார். காந்தாவைக் கேட்டால் தெரியும் என்று கிளம்பி வீட்டுக்கே வந்துவிட்டார்.

வாசல் முழுக்கச் செருப்பு. உள்ளே சிரிப்பும் வளையல் சத்தமும். வாசலில் நின்ற ஆதிகேசவனுக்கு வாயெல்லாம் பல்; தம் வெப்சைட்டின் வெற்றியைக் கண்ணால் காண்கிறார் அல்லவா. நிலைப்படியில் கால் வைத்தார். சிரிப்பு நின்றது. பாமா டீச்சர், எதிர்வீட்டு அம்மாள், விவேக் நகர் நர்ஸ் எல்லாரும் அவரைப் பார்த்துவிட்டு, ஒரே சமயத்தில் திரையைப் பார்த்தார்கள். நாற்காலி இருந்த இடத்தில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று நின்றது.

திரைக்குப் பின்னாலிருந்து பார்கவியின் குரல் வந்தது.

"ஆன்ட்டி, ஐயோ, இன்னிக்கு மீட்டிங்ல மாட்டிக்கிட்டேன். அங்கிளுக்குக் கேள்வி அனுப்ப மறந்தே போச்சு. கிளம்பி வந்துடப் போறாரு."

காந்தா வாயில் கவ்வியிருந்த ஊசியோடு அப்படியே நின்றாள். எதற்கும் பதில் வைத்திருக்கும் காந்தா தலையைக் குனிந்துகொண்டதை அவர் அன்றுதான் பார்த்தார். அவருக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அத்தனை பதில்களையும் ஒரு விரலால் தட்டியவர் அல்லவா. ஆனால் மேஜைமேல் பை குவிந்திருந்தது. இரண்டு மிஷினிலும் துணி இருந்தது. காந்தாவின் தோளில் இன்ச் டேப் பழையபடி மாலையாகக் கிடந்தது.

தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கண்ணாடி நல்லாருக்கு" என்றார். "ஒரு மெயில் பாக்காம வந்துட்டேன். போய்ட்டு எட்டு மணிக்கு வரேன்."

காந்தா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "வரும்போது பசியோட வாங்க" என்றாள். படி இறங்கும்போது திரைக்குள்ளிருந்து மெல்லிய குரலில், "நாளைக்கு ரெண்டா அனுப்பிடறேன், அங்கிள்" என்று கேட்டது.

காக்ஸ் டவுனில் டெஸ்மண்ட் நிமிர்ந்து பார்த்தான். "என்ன அங்கிள், திரும்பி வந்துட்டீங்க?"

"உன் மூணாவது கேள்விக்குப் பதில் கெடச்சிடுச்சுப்பா."

"எது, லேடீஸ் கடைக்கு வராததுக்கு என்ன ரீஸன்னு கேட்டேனே, அதுவா? என்ன அங்கிள் ரீஸன்?"

ஆதிகேசவன் பிரம்பு நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்தார்.

"இதுல உக்காந்திருக்கு."