சம்பந்தி சமைத்த ஈஸ்டர்

சாந்த்ராகாச்சி,
ஈஸ்டருக்கு மறுநாள், திங்கட்கிழமை.

கர்த்தருக்குள் மிகுந்த அன்பும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கோபமும் உள்ள பெரியக்கா பூங்கோதைக்கு,

உன் தம்பி ஆசீர்வாதம் பணிவோடு எழுதுவது. உயிர்த்தெழுந்த ஆண்டவரின் சமாதானம் உனக்கும் அத்தானுக்கும் பாளையங்கோட்டை வீட்டில் உள்ள எல்லாருக்கும் உண்டாகட்டும். இங்கே நானும் ராஜமும் சுகம். மகள் மேக்னாவும் மாப்பிள்ளை முகுந்தும் சுகம். வாஷிங் மெஷின் மட்டும் சுகமில்லை, அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று கேட்பாய். போனில் உன்னிடம் நான் ஒரு வாக்கியத்தையாவது முழுசாகச் சொல்லி முடித்தது உண்டா? பேப்பர் என்றால் நீ குறுக்கே புக முடியாது. முழுவதும் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஈஸ்டருக்கு நம் வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு இல்லை. உட்கார், அக்கா. தண்ணீர் குடி. "ஏல ஆசீர், கறிச்சட்டி அடுப்புல ஏறாத ஈஸ்டர் ஒரு ஈஸ்டரால? அப்படி ஒண்ணு நடந்துதுன்னா உன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன் பாத்துக்கோ" என்று குருத்தோலை ஞாயிறு அன்றைக்கே நீ சொல்லிவிட்டாய். நான் மறக்கவில்லை. மறக்க முடிகிற மாதிரியா நீ சொல்லுவாய்? ஆனால் என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பார். மேக்னாவும் முகுந்தும் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. கல்கத்தாவுக்குள்ளே லேக் கார்டன்ஸில் இருக்கிற சம்பந்தி நரசிம்மனும் கோமளம் மாமியும் கல்யாணத்தைத் தடுக்கவில்லை, திட்டவில்லை, ஆனால் நம் வீட்டுப் பக்கம் ஒரு தடவைகூட வரவில்லை. ஐயங்கார் வீடு, வெங்காயத்துக்கே யோசிக்கிறவர்கள், வந்தால் என்ன சாப்பிடுவார்கள் என்று நானும் கூப்பிடவில்லை. இந்த வருஷம் திடீரென்று முகுந்த் வந்து, "மாமா, அப்பாவும் அம்மாவும் ஈஸ்டருக்கு மத்தியானம் சாப்பிட வரேன்னா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மேக்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, ப்ளீஸ். அவங்க இங்க வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போயிட்டா போதும், அப்புறம் நான் அந்த வீட்டுல மருமகளா நிம்மதியா நடமாடுவேன்." பிள்ளை இரண்டு வருஷமாக மாமியார் வீட்டுக்கு விருந்தாளி மாதிரிப் போய்வந்து கொண்டிருந்தது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கறி வைத்தால் சம்பந்தி சாப்பிட மாட்டார், வைக்காவிட்டால் நீ வரமாட்டாய். நான் என்னதான் செய்ய?

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா, அப்பா நம் ஊர் நாசரேத்தில் போட்ட சட்டமாயிற்றே. மாப்பிள்ளைக்கு அதைப் போன வருஷமே விளக்கமாகச் சொல்லியிருந்தேன். முதல் ஈஸ்டர் அன்றைக்கு விடியுமுன் தைரியமாகக் கல்லறைக்குப் போனது பெண்கள். ஆண்கள் எல்லாரும் பயந்துகொண்டு வீட்டுக்குள்ளே கதவைப் பூட்டி உட்கார்ந்திருந்தார்கள். "சும்மா உக்காந்திருந்த பயலுவ ஒரு குழம்பாவது வச்சிருக்கலாம்லா?" என்று அப்பா கேட்டார். அன்றிலிருந்து நம் குடும்பத்தில் ஈஸ்டர் விடியற்காலை ஆராதனைக்குப் பெண்கள் மட்டும் போவார்கள், ஆண்கள் கதவைப் பூட்டிக்கொண்டு கறிக்குழம்பு வைப்பார்கள். பெண்கள் திரும்பி வந்து கதவைத் தட்டி "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்பார்கள், உள்ளேயிருந்து "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று பதில் வந்தால்தான் கதவு திறக்கும், அதற்கப்புறம் ஆண்கள் குளித்துவிட்டு அடுத்த ஆராதனைக்குப் போவார்கள். முகுந்த் கவனமாகக் கேட்டுவிட்டு, "நான் கறி வெட்டணுமா, மாமா?" என்றான். முகம் வெளுத்துவிட்டது. "தேங்கா திருவுனாப் போதும் மாப்ள" என்றேன். அப்பா காலத்தில் குழம்பில் முருங்கைக்காய் விழுந்தது, நான் கல்கத்தா வந்தபிறகு உருளைக்கிழங்கு விழுந்தது. இந்த ஊர் கறிக்கடைக்காரரே "ஆலு தேபேன் தோ, தாதா?" என்று கேட்டு, உருளைக்கிழங்கு போடுவேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் கறியைப் பொட்டலம் கட்டுவார். அந்த உருளைக்கிழங்குக்கு நீ ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை என்பது வேறு கதை.

ஆகவே நான் ஒரு திட்டம் போட்டேன். சனிக்கிழமை சாயங்காலமே இரண்டு கிலோ நல்ல கொழுத்த கிடாக்கறி வாங்கி, மஞ்சளும் தயிரும் இஞ்சி பூண்டும் தடவி மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துவிடுவது, விடியுமுன் குழம்பை வைத்து இறக்கிப் பக்கத்து வீட்டில் ஒளித்துவிட்டு, வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டு, மத்தியானம் சம்பந்திக்குச் சாம்பாரும் பொரியலும் பரிமாறுவது. உன் சட்டமும் காப்பாற்றப்படும், மகள் மானமும் காப்பாற்றப்படும். லெந்து கால நோன்பு நாற்பது நாளும் கறி வாசனையே பார்க்காத மனுஷன் நான், மசாலாவை வறுத்து அரைக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மேக்னாவும் முகுந்தும் முந்தின ராத்திரியே வந்து தங்கிவிட்டார்கள். ஞாயிறு விடியுமுன் ராஜமும் மேக்னாவும் சேலை கட்டிப் புறப்பட்டு நிற்கிறார்கள், காலிங் பெல் அடிக்கிறது. திறந்தால் நரசிம்மனும் கோமளம் மாமியும். லேக் கார்டன்ஸிலிருந்து அந்த இருட்டில் டாக்சி பிடித்து, பாலம் தாண்டி வந்து நிற்கிறார்கள். அவர் கையில் ஒரு பெரிய பை, பைக்குள் குக்கர். "மத்தியானம் சாப்பிட மட்டும் வந்தா நன்னாருக்குமா சம்பந்தி? நானும் இந்தாத்து ஆம்பளதானே? கதவப் பூட்டுங்கோ" என்கிறார். கோமளம் மாமி, "நானும் இவாளோட சர்ச்சுக்குப் போய்ட்டு வரேனே" என்று ராஜத்தின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். முகுந்த் வாய் சும்மா இருக்காமல் வழக்கத்தை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான் என்று பல்லைக் கடித்தேன். அக்கா, கறி டப்பா அடுப்பு மேடையில் இருக்கிறது, சம்பந்தி செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். பிரிட்ஜில் வைக்கலாமென்றால் தயிர் எடுக்கத் திறப்பார், பாத்ரூமில் வைக்கலாமென்றால் கை கழுவப் போவார். எனக்குத் தோன்றிய ஒரே இடம் வராந்தாவில் இருக்கிற வாஷிங் மெஷின். டப்பாவை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி வந்து தேங்காய் உடைத்தேன்.

சம்பந்தி அருமையான மனுஷன். அடுப்பில் பாதியை எனக்கு விட்டுக்கொடுத்து, மீதியில் புளியோதரைக்குப் புளிக்காய்ச்சல் கொதிக்கவைத்து, பையிலிருந்து ஒரு பலாப்பிஞ்சை எடுத்து எண்ணெய் தடவிய கத்தியால் நறுக்க உட்கார்ந்தார். என் கண்ணெல்லாம் வராந்தா பக்கம். கரண்டியை எடுக்கப் போன என் முழங்கை பட்டு, சூடு தணிய வைத்திருந்த புளிக்காய்ச்சலில் பாதி அவர் வெள்ளை வேஷ்டி மேல் கொட்டிவிட்டது. நல்லவேளை சுடவில்லை. "பரவால்ல, பரவால்ல" என்று சொல்லி என்னுடைய கட்டம் போட்ட சாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நம் மாப்பிள்ளை, ரொம்பப் பொறுப்பான பிள்ளை, கறை பிடிக்கிறதுக்குள்ளே துவைத்துவிடலாமென்று அப்பா வேஷ்டியை எடுத்துப்போய், உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் மெஷினில் போட்டு, சோப்புத்தூளும் போட்டு, பட்டனைத் தட்டிவிட்டான்.

கடகடவென்று சத்தம். ஓடினேன். அந்த மெஷின் இருக்கிறதே அக்கா, ஓட ஆரம்பித்தால் முடிகிறவரைக்கும் கதவைத் திறக்கவிடாது. நான் இழுக்கிறேன், முகுந்த் எல்லாப் பட்டனையும் அமுக்குகிறான், அது பாட்டுக்குச் சுற்றுகிறது. மூடி கழன்று, கண்ணாடிக்குப் பின்னால் நுரைக்குள்ளே உன் தம்பியின் நாற்பது நாள் ஆசை மேலே போகிறது, கீழே வருகிறது. நரசிம்மன் நிதானமாக வந்து குனிந்து பார்த்தார்.

"சம்பந்தி, என் வேஷ்டியோட கூட என்னமோ சுத்தறதே, என்னது அது?"

"கறி, சம்பந்தி."

"அதை ஏன் இதுக்குள்ள வெச்சேள்?"

"நீங்க பாத்துரக் கூடாதுன்னு."

மனுஷன் சிரிக்க ஆரம்பித்தார் பார், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "நாங்க சாப்பிட மாட்டோம், அவ்வளவுதான். நீங்க சாப்பிடப்படாதுன்னு எப்பவாவது சொன்னோமா? ரெண்டு வருஷமா கோமளம், 'அவா ஏன் நம்மள ஒருவாட்டிகூடக் கூப்பிடலை'ன்னு பொலம்பிண்டிருக்கா." அவர்கள் வரமாட்டார்கள் என்று நானும், நாம் கூப்பிடமாட்டோம் என்று அவர்களும், நடுவில் என் பிள்ளை இரண்டு வருஷம் தவித்திருக்கிறாள். அங்கேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மசாலா அரைச்சு வெச்சிருக்கேளே, வாசனை ஊரத் தூக்கறது. பலாப்பிஞ்ச அதுல போடுங்கோ" என்றார். எஞ்சோர் என்று இந்த ஊரில் கொண்டாடுகிற காய்தான், மரத்தில் காய்க்கிற ஆடு என்று செல்லப்பேர்கூட வைத்திருக்கிறார்கள். "பூண்டு அரைச்சிருக்கே சம்பந்தி" என்றேன். அவர் வாசற்கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முப்பது வருஷம் பாங்க் கான்டீன்ல சாப்பிட்டவன் நான். கோமளத்துக்குத் தெரியப்படாது."

குழம்பு கொதிக்கும்போது கதவு தட்டுகிற சத்தம். "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று ராஜத்தின் குரல். நான் வாயைத் திறக்குமுன், சாரத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரண்டியும் கையுமாக நரசிம்மன் கதவருகே போய், "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!" என்று போட்டார் ஒரு சத்தம். எதிர் ஃபிளாட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கதவைத் திறந்தால் கோமளம் மாமி புருஷனை மேலிருந்து கீழ்வரை பார்த்து, "இதென்ன கோலம்?" என்கிறார். மேக்னா "ஈஷ்!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பை இரண்டு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் கேட்டேன்.

சாப்பாடு நன்றாக நடந்தது. கோமளம் மாமி பலாப்பிஞ்சுக் குழம்பை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டு, "பூண்டு கொஞ்சம் தூக்கல், ஆனா இருக்கட்டும்" என்றார். நரசிம்மன் இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. சாப்பிட்ட கையோடு மாமி மயிலாப்பூரில் இருக்கிற தங்கைக்குப் போன் போட்டு, "சம்பந்தியாத்துல இருக்கேண்டி, மாட்டுப்பொண் பக்கத்துல உக்காந்திருக்கா" என்றார். அதைக் கேட்டுவிட்டு மேக்னா பாத்திரம் எடுத்துவைக்கிற சாக்கில் அடுக்களைக்குப் போய்க் கொஞ்ச நேரம் வரவே இல்லை.

ஆகையால் அக்கா, வழக்கத்தை நான் மீறவில்லை. ஆண்கள்தான் சமைத்தோம், கதவைப் பூட்டித்தான் சமைத்தோம். கறியை மட்டும் மெஷின் எடுத்துக்கொண்டது. இந்த ஒரு வருஷம் பொறுத்துக்கொள். அடுத்த ஈஸ்டருக்குக் கண்டிப்பாகக் கறிச்சட்டி ஏறும். நீயும் கோபத்தை விட்டுவிட்டு கிறிஸ்மஸுக்கு வந்து என் வாசப்படியை மிதிக்க வேண்டும். அத்தானுக்கு என் வந்தனங்கள். ஆண்டவர் உன் முழங்கால் வலியை எடுத்துப்போடட்டும், அப்படியே உன் கோபத்தையும் கூட எடுத்துக்கொண்டு போகட்டும்.

இப்படிக்கு,
உனக்கு இன்றைக்கும் பயப்படுகிற தம்பி,
ஆசீர்வாதம்.

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன்னால் ராஜத்திடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு அவள் கட்டிலில் விழுந்து சிரித்தாள். இரண்டு வருஷம் ஆகியும் தம்பி கூப்பிட மாட்டான் என்று தெரிந்து, ராஜத்திடம் நம்பர் வாங்கிச் சம்பந்தியை ஈஸ்டருக்கு அழைத்ததே நீதானாமே? சனிக்கிழமை மறுபடியும் போன் போட்டு, "நீங்களும் எங்க வீட்டு ஆம்பளதான், விடியுமுன்ன போயிருங்க, தம்பி அவனுக்குக் கறி வைப்பான், கண்டுக்காதீங்க, உங்களுக்கு ஒரு பலாப்பிஞ்சு கொண்டுபோங்க" என்று சொன்னதும் நீதானாமே? கோமளம் மாமிக்கும் தெரியும், ராஜத்துக்கும் தெரியும். உன் காலில் விழுகிறேன், அக்கா. என் பிள்ளைக்கு நீ செய்ததை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். ஆனால் என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த இரண்டு கிலோ கறி பிழைத்திருக்குமே!