இருபத்தைந்து இன்ச் வாசல்

"வீல்சேர் வசதி இருக்கான்னு கேட்டேன், இருக்குன்னீங்க. அதை எங்க வெச்சிருக்கீங்க?"

"மூணாவது மாடியில சார். புத்தம் புதுசு. உறைகூடப் பிரிக்கல."

தையல்காரர் போனை வைத்தார். இது ஒன்பதாவது ஹோட்டல். எட்டாவது ஹோட்டலில் "படியே கிடையாது" என்று சத்தியம் செய்துவிட்டு, "நாலே நாலு படிதான் சார், அதெல்லாம் ஒரு படியா?" என்று முடித்திருந்தார்கள்.

போக வேண்டியது அக்கா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பன்னிரண்டு வருடமாகச் சக்கர நாற்காலி. தெருவுக்குத் தெரு பாட்டும் நாடகமும் ஓவியமுமாகக் கலகலவென்று கிடக்கும் அந்தப் பெருநகரத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னது ஆறு வருடத்துக்கு முன்னால். "நான் கூட்டிட்டுப் போறேன்க்கா" என்று வாக்குக் கொடுத்தவர் இவர். அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைத்தறியாத மனுஷர், அளவெடுக்காமல் அக்காவை ரயிலேற்றுவாரா? நாலு பேர் சேர்ந்து தன்னைத் தூக்குவது அக்காவுக்கு அறவே பிடிக்காது. அந்த அவமானம் அவளுக்கு ஓரிடத்தில்கூட நேரக்கூடாது என்பதில் தம்பி உயிரையே வைத்திருந்தார்.

பத்தாவது ஹோட்டல் தேறும்போல இருந்தது. நாற்காலியின் அகலம் இருபத்தைந்து இன்ச். அறை வாசலின் அகலம் மேனேஜருக்குத் தெரியவில்லை. தானே வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பினார். தையல்காரருக்கு அது போதாதா!

"சார், உங்க தோள் பத்தொம்பது. ரெண்டு பக்கமும் ரெண்டரை விட்டா வாசல் இருபத்துநாலு. ஒரு இன்ச் உதைக்குதே. இடுப்பளவு சொன்னீங்கன்னா சரிபார்த்துக்கலாம். போட்டோவுல நாப்பத்தாறு மாதிரி தெரியுது."

"என் இடுப்பு உங்களுக்கு எதுக்கு சார்?"

"கூச்சப்படாதீங்க. வயித்தை மட்டும் உள்ள இழுக்காம அளந்து சொல்லுங்க."

போனும் துண்டானது, அறையும் போனது.

பதினொன்றாவது ஹோட்டலில் தரைத்தளம், தாராளமான வாசல். ஆனால் ஊருக்கு வெளியே, பஸ் டிப்போவை ஒட்டி. அங்கிருந்து உள்ளே வர, சாய்வுப் பலகை வைத்த வேன் வேண்டும். அப்படிப்பட்ட வேன் நகரத்துக்கே ஒன்றுதான், அதுவும் செவ்வாய்க்கிழமைதான் வரும். செவ்வாய்க்கிழமை மியூசியம் லீவு. பாட்டுப் பாடும் சதுக்கத்தில் கரடுமுரடான கல் தளம், சக்கரம் உருளாது. படியில்லாத இடமாகப் பார்த்துப் பார்த்துக் கோத்ததில் பயணத் திட்டம் இப்படி வந்து நின்றது: காலையில் பெரிய ஆஸ்பத்திரி, மதியம் வரி அலுவலகம், சாயங்காலம் சூப்பர் மார்க்கெட்.

அக்கா அதைப் பொறுமையாகப் படித்தாள்.

"வரி ஆபீஸ்ல பாக்கறதுக்கு என்னடா இருக்கு?"

"சாய்தளம் அற்புதம்க்கா. ரெண்டு பக்கமும் கைப்பிடி!"

"சரிடா. நீ அவசரப்படாம பண்ணு."

அவள் முகத்தில் வருத்தமே இல்லை. அதுதான் அவரைச் சுட்டது. மறுநாள் பாதி தைத்த சட்டையை ஒதுக்கிவிட்டு மியூசியத்துக்கே போன் போட்டார். காவலாளி எடுத்தார்.

"அங்க சாய்தளம் இருக்கா? உண்மையைச் சொல்லுங்க."

"முன்வாசல்லயே இருக்கு சார். வாசல் முப்பத்தாறு இன்ச்."

கேட்காமலே இன்ச் சொன்ன முதல் மனிதர்! தையல்காரர் அதை உடனே அளவு நோட்டில் குறித்துக்கொண்டார்.

"எப்படிங்க இவ்வளவு கரெக்டா சொல்றீங்க?"

"சக்கர நாற்காலியில வர்ற ஒரு டீச்சரம்மாதான் சார் சண்டை போட்டு சாய்தளம் வெக்க வெச்சாங்க, அளவையும் எழுதிக் குடுத்தாங்க. கூட வேலை பாக்கற டீச்சருங்களோட மூணு தடவை வந்துட்டாங்க. அவங்க தம்பி ஒரு தையல்காரராம், ஆறு வருஷமா அளவெடுத்துட்டே இருக்காராம். 'என்னிக்காவது அவன் கூட்டிட்டு வந்தா யாரும் என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க, நான் முதல் தடவை பாக்கற மாதிரி பாத்துக்கறேன்'னு எங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்காங்க!"