ஐந்து விரல் மரியாதை

கார் ஓட்டத் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறவர்களில் பாதிப் பேருக்குக் காரை நிறுத்தத் தெரியாது. நான் அந்தப் பாதியைச் சேர்ந்தவன். பிரேக் போடுவதைச் சொல்லவில்லை. அது எனக்கு ஓரளவு வரும். நின்ற பிறகு செய்ய வேண்டிய காரியங்கள் உண்டே, கண்ணாடியை ஏற்றுவது, சாவியை எடுப்பது, விளக்கை அணைப்பது, அதில்தான் நான் தேறவில்லை. அந்தக் கடைசிக் காரியத்தை மறந்த ஒரு நாளால்தான் எனக்குக் கல்யாணமே நடந்தது. (மறக்காமல் இருந்திருந்தால் தன் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்று என் மனைவி அவ்வப்போது யோசிப்பதுண்டு.)

எழுபதுகளின் நடுவில் நடந்த கதை. கொல்லங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அப்பா காலமான பிறகு எனக்கு எல்லாம் அம்மாவின் அண்ணன்தான். மாமாவிடம் ஒரு பழைய அம்பாசிடர் இருந்தது, அதை ஓட்ட ஒரு டிரைவர் இருந்தார், இரண்டையும் மிஞ்சும் அளவுக்குச் சகுன நம்பிக்கை இருந்தது. முதலில் எனக்குப் பெண் பார்க்கப் போனபோது வழியில் டயர் வெடித்தது. மாமா வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார். இரண்டாவது இடம் பல்லியால் போயிற்று. மூன்றாவது, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அந்தப் பெண்ணை நான் ஒரு தேர்த் திருவிழாவில் பார்த்திருந்தேன். இவள் இல்லையென்றால் பழனியில் போய் ஆண்டியாக உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். (யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதையும் மாமா சகுனத்தில் சேர்த்துவிடுவார்.)

அப்போதுதான் எனக்கு லைசென்ஸ் கிடைத்திருந்தது. டிரைவர் ஓட்ட, நான் பின் சீட்டில் பொம்மை மாதிரி போய் இறங்கினால் அவள் என்ன நினைப்பாள்? டிரைவருக்கு லீவு கொடுத்து அனுப்பினேன். டிக்கியில் வாழைத்தாருக்கு இடம் வேண்டும் என்று, பாட்டரி கைவிட்டால் காரைச் சுற்றி முடுக்கும் இரும்பு ஹேண்டிலை எடுத்து மாட்டுக் கொட்டகையில் போட்டேன். புத்திசாலித்தனமான காரியங்களை ஒரே நாளில் செய்து முடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஓர் அவசரம்.

நல்ல நேரம் விடிவதற்கு முன்பே வந்துவிட்டதால் இருட்டிலேயே கிளம்பினோம். லைட்டைப் போட்டேன். பின் சீட்டில் மாமாவும் அம்மாவும். (நான் ஓட்டும் காரில் அம்மா கண்ணைத் திறந்ததே கிடையாது. ஏறியதும் மூடி, கந்தசஷ்டி கவசம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.) கொஞ்ச தூரத்தில் பொழுது விடிந்தது. வெயிலும் வந்தது. லைட் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

முதலில் கையைக் காட்டியவர் ஒரு கள்ளிறக்குகிறவர். பனையில் பாதி ஏறியிருந்தவர், ஒரு கையை விட்டு, எங்களை நோக்கி ஐந்து விரல்களையும் மூடி மூடித் திறந்தார்.

"மாமா, அவரு ஆருங்க? நம்மளப் பாத்து என்னமோ காட்டறாரு."

"நம்ம காரத் தெரியாதவன் இந்தப் பக்கம் ஆருடா இருக்கான்? திருப்பிக் காட்டு. மண்டக்கனம்னு நெனச்சுக்குவாங்க."

"வெரல மூடித் தொறக்கறாருங்களே."

"ஊருக்கு ஊரு மருவாதி வேற மாதிரி இருக்கும். காட்டுடா."

காட்டினேன். அடுத்து சைக்கிளில் வந்த பால்காரர் காட்டினார். டீக்கடை பெஞ்சிலிருந்து நாலு பேர் சேர்ந்து காட்டினார்கள். எதிரே வந்த பஸ்ஸின் டிரைவர் தன் விளக்கையே இரண்டு முறை சிமிட்டினார். மாமா நிமிர்ந்து உட்கார்ந்து துண்டைச் சரிசெய்துகொண்டார். வழியெல்லாம் நான் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக விரலை மூடித் திறந்துகொண்டே போனோம். "பாத்தியா, ஊரு நம்மள எப்படி வெச்சிருக்குதுன்னு" என்று மாமா அம்மாவிடம் சொன்னார். அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

பெண் வீடு வந்தது. மாமாவும் அம்மாவும் இறங்கி உள்ளே போனார்கள். நான் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், பக்கவாட்டு ஜன்னலில் அவள். கம்பிக்குப் பின்னால் முகம் பாதிதான் தெரிந்தது. கையை நீட்டி, அதே மாதிரி, ஐந்து விரல்களையும் மூடித் திறந்தாள். மறுபடியும் மூடித் திறந்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தெரியாதவர்களுக்கே ஒரு கை என்றால் இவளுக்கு எத்தனை? இரண்டு கைகளையும் தூக்கி, பத்து விரல்களையும் மூடித் திறந்தேன். அவள் ஒரு கணம் விழித்துப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போன வீட்டில் காப்பி குடிக்கலாம். சோற்றில் கை வைக்கக் கூடாது. வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். குலதெய்வத்திடம் பூக் கேட்டு, சிவப்பா வெள்ளையா என்று பார்த்து, சாமி சரி சொன்ன பிறகுதான் சாப்பாடு. மாமா காப்பி குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார், கடலைக்காயைப் பற்றிப் பேசினார், வழியில் மக்கள் காட்டிய மரியாதையைப் பற்றி நிறையப் பேசினார். உச்சிவேளை நெருங்கியதும், "பூக் கேட்டுட்டுச் சொல்லி அனுப்பறனுங்க" என்று எழுந்தார்.

காரில் ஏறிச் சாவியைத் திருகினேன். டிக் என்றது. இன்னொரு முறை திருகினேன். அதுகூடச் சொல்லவில்லை.

மாமாவின் முகம் மாறியது. "போகையில தடங்கல்" என்றார். எனக்குப் பழனி மலைப் படிகள் கண்ணுக்குத் தெரிந்தன. ஹேண்டிலோ கொல்லங்கோட்டில் மாடுகளோடு இருந்தது.

"நம்ம ஆளுகள உட்டுத் தள்ளச் சொல்றனுங்க" என்றார் பெண்ணின் அப்பா.

"வேண்டாமுங்க. பொண்ணூட்டுக்காரங்க தள்ளி மாப்ள காரு கெளம்புச்சுன்னா ஊரு சிரிக்கும்" என்றார் மாமா.

ஆகவே மாமாவும் நானும் தள்ளினோம். அம்மாவை ஸ்டியரிங்கில் உட்காரவைத்தோம். (அங்கேயும் அவர் கண்ணைத் திறக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.) வாசல் சரிவில் கார் அழகாக உருண்டு, நேராகப் போய் வைக்கோல் போருக்குள் மூக்கை நுழைத்து நின்றது. முன்பக்கம் முழுக்க உள்ளே. அம்மாவுக்கு ஒன்றுமில்லை, கவசம் வேலை செய்ததாகச் சொன்னார்.

பானெட் திறக்கிற அளவுக்கு மட்டும் வைக்கோலை விலக்கி, பாட்டரியைக் கழற்றி, மாட்டு வண்டியில் டவுனுக்கு அனுப்பினார்கள். அது சார்ஜ் ஏற மறுநாள் ஆகுமாம். சாயங்காலத்துக்குள் வாடகை பாட்டரி ஒன்று வரும். அதற்குள் சமையல்கட்டிலிருந்து நெய் வாசம் கிளம்பியது.

"ஒறம்பரையா வந்த நீங்க பசியோட இருந்தா எங்களுக்குச் சோறு எறங்குமுங்களா?" என்றார் பெண்ணின் அப்பா.

"கோவிச்சுக்காதீங்க. ஊட்டுக்குள்ள வந்தா நல்லாயிருக்காது. நான் கார்லயே இருந்துக்கறனுங்க."

சொன்னபடி மாமா வைக்கோல் போரில் பாதி புதைந்த காரின் பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். பெண்ணின் அப்பா சித்த நேரம் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"ஏனுங்க, காரு உங்களுதுதானுங்களே? அதுக்குள்ள சாப்பிட்டா உங்க ஊட்டுல சாப்பிட்ட கணக்குத்தானுங்க."

மாமா இதை யோசித்தார். சாஸ்திரம், நெய் வாசம் இரண்டையும் யோசித்தார். "அப்படிங்களா?" என்றார்.

பின் சீட்டில் இலை போட்டார்கள். பருப்புவரை பிரச்சினை இல்லை. ரசத்தை ஊற்றியதும், சீட்டின் சரிவில் அது இறங்கி மாமாவின் வெள்ளை வேட்டியைத் தேடி வந்தது. மாமா கையால் அணை கட்டிப் பார்த்தார். நிற்கவில்லை. "ரசத்துக்கு மட்டும் உள்ள வந்துக்கறனுங்க" என்று இலையை ஏந்திக்கொண்டு இறங்கினார். ரசத்துக்கு வந்தவர் பாயசத்துக்கும் இருந்தார். இரண்டாவது பாயசத்தின்போது பெண்ணின் அப்பா முதல்முறையாக, "போதுமுங்களா சம்பந்தி?" என்று கேட்டார். மாமா டம்ளரை நீட்டியபடி, "இன்னுங் கொஞ்சம்" என்றார். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இலை போடச் சொன்னோம்.

பொழுது சாய்கிற நேரத்தில் பாட்டரி வந்தது. மாட்டினார்கள். யாரும் எந்தச் சுவிட்சையும் தொடவில்லை. வைக்கோல் போர் உள்ளிருந்து பளீரென்று ஒளிவிட்டது.

எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். மாமா தன் வலது கையை முகத்துக்கு நேரே மெதுவாக உயர்த்தினார். விரல்களை ஒருமுறை மூடினார், திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"லைட்டு" என்றார்.

"ஆமாங்க மாமா."

"அந்த பஸ்ஸுக்காரன் மட்டும் நெசமாத்தான் கும்பிட்டான்." கடைசிவரை இதிலிருந்து அவர் இறங்கவே இல்லை.

இவ்வளவு அவமானத்துக்குப் பிறகு மாமா சம்பந்தத்தை உதறியிருப்பார். ஆனால் வயிற்றில் மூன்று டம்ளர் பாயசம் இருந்தது. காரை வெளியே இழுத்து, வைக்கோலைத் தட்டி, லைட்டோடு கிளம்பினேன். திரும்பிப் பார்த்தால் ஜன்னலில் மறுபடி அவள். கையை நீட்டி ஐந்து விரல்களையும் மூடித் திறந்தாள். இந்தத் தடவை நான் ஏமாறுவேனா? பட்டென்று லைட்டை அணைத்தேன்.

இருட்டுகிற நேரம். அப்படியே ஓட்டினேன். எதிரே வந்தவர்கள் எல்லோரும் கையைக் காட்டினார்கள். மாமா தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார். அம்மாதான் கடைசியில், "இவ்வளவு நேரமா நான் கண்ணத் தொறந்துதான் இருக்கேன், ஒண்ணும் தெரியலையேடா" என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு அவளிடம் கேட்டேன், லைட் எரிவதைப் பார்த்தவள் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று.

"சன்னல்ல நின்னு மாப்ளைய எட்டிப் பாத்தேன்னு எங்கப்பங்கிட்ட எப்படிங்க சொல்றது? அதான் உங்களுக்கே காட்டுனேன். நீங்க ரெண்டு கையிலயும் காட்டுனீங்க. கேட்டதுக்கு ரெண்டு பங்காக் குடுக்கற மனுசன்னு நெனச்சுட்டேன்."

"சாயங்காலம் காட்டுனது?"

"அது போயிட்டு வாங்கன்னு." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க லைட்ட அணைச்சுட்டீங்க" என்றாள்.

இன்றைக்கும் வீட்டில் நான் எதையாவது தப்பாகப் புரிந்துகொண்டால், பேத்தி உட்பட எல்லோரும் சொல்வது இதைத்தான்: "தாத்தா லைட்ட அணைச்சுட்டாரு." மகள் புதிதாக வாங்கிய காரில் அந்த வேலையும் எனக்கு இல்லை. சாவியைத் திருகினால் பட்டப்பகலிலும் முன்னால் விளக்கு தானாக எரிகிறது, நிறுத்தினால் தானாக அணைகிறது. வழியில் யாரும் கையைக் காட்டுவதில்லை. போன வாரம் அதை நானே ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் என் மனைவி முழங்கால் வலியோடு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காரின் விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையை நீட்டி ஐந்து விரல்களையும் மூடித் திறந்தாள்.

ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் காட்டினேன். கார் கேட்டின் தூணில் லேசாக உரசிவிட்டது. பரவாயில்லை.