தண்ணி வர்ற வரைக்கும் குடுத்த கிளிப்பு

தண்ணி வராத நாள்ல பொதுமக்கள் மனசு வாடிடக் கூடாதுங்கற உயரிய நோக்கத்தோட, குடிநீர் இலாகா ஒரு வாத்தியக் குழுவை நிறுவி, சீரும் சிறப்புமா நடத்திட்டு வந்துச்சு. மக்கள் காலி பக்கெட்டோட ஆபீஸ் வாசலுக்கு வருவாங்க. உடனே கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் வராண்டாவுக்கு வரும். அவங்க கத்துவாங்க, இவங்க வாசிப்பாங்க. யாரு சத்தம் ஜாஸ்தியோ அவங்க ஜெயிச்ச மாதிரி. ரொம்ப நாளா இலாகாதான் ஜெயிச்சிட்டிருந்துச்சு.

டிரம்ஸ் வாசிக்கிறவரை எல்லாரும் இடின்னு கூப்பிடுவாங்க. பல வருஷமா தற்காலிக ஊழியராவே இருந்து தலை நரைச்ச மனுஷன். இந்தக் கோடையில கூட்டம் பெருத்துப் போச்சு. பக்கெட்டைக் கவுத்துப் போட்டுத் தட்ட ஆரம்பிச்சுட்டாங்க. அந்தத் தட்டுல இடி விழுந்தது யாருக்கும் கேக்கல.

மேனேஜர் இடியைக் கூப்பிட்டு விட்டாரு. அவருக்கு ஆபீஸ்ல வெச்ச பேரு 'பார்ப்போம்'. எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாரு. எதையும் பார்த்ததில்ல.

"ஏம்ப்பா, மாசக் கடைசியில டைரக்டர் நேர்ல வர்றாரு. டிரம்ஸ் கேட்டுச்சுன்னா உனக்கு பர்மனென்ட். கேக்கலைன்னா, காதுல விழாத வாத்தியத்துக்கு என்னத்துக்கு சம்பளம்னு போஸ்ட்டையே தூக்கிடுவாரு."

"மைக் வெச்சா கேக்கும் சார்."

"மைக்குதான் வாங்கியாச்சே."

வாங்கியாச்சுதான். விரல் நுனி சைசுல குட்டிக் குட்டி மைக்கு, பீரோவுக்குள்ள பத்திரமா தூங்கிட்டிருந்துச்சு. அதை டிரம்ஸ் விளிம்புல புடிச்சு நிறுத்த ஒரு கிளாம்பு வேணும். உத்தரவுல மைக் வாங்கறதுன்னுதான் இருந்துச்சே ஒழிய, மாட்டறதுன்னு இல்ல. போதாததுக்கு, மைக்கை விட அதைப் புடிக்கிற கிளாம்பு விலை ஜாஸ்தி.

"கிளாம்பு வாங்கித் தருவீங்களா சார்?"

"பார்ப்போம். அதுவரைக்கும் கையில புடிச்சுக்கோயேன்."

"அப்ப எந்தக் கையில வாசிக்கிறது சார்?"

மேனேஜர் உண்மையாவே யோசிச்சாரு. "சிக்கனமா ஏதாவது பண்ணு. இலாகாவுக்கு அஞ்சு பைசா செலவாகக் கூடாது."

வீட்டுக்கு வந்தா, துணி காயப் போடற கொடி மொட்டையா கிடக்கு. கிளிப்பு மட்டும் வரிசையா தொங்குது, வேலை வெட்டி இல்லாத ஆளுங்க சுவத்து மேல உக்காந்திருக்கற மாதிரி.

"இந்தக் கிளிப்பைக் குடேன்மா, டிரம்ஸுக்கு வேணும்"னாரு பொண்டாட்டிகிட்ட.

"ஏங்க, டிரம்ஸைத் துவைச்சுக் காயப் போடப் போறீங்களா?"

வெவரம் சொன்னாரு. அந்தம்மா கிளிப்பை எல்லாம் கழட்டி மடியில போட்டுச்சு. "எடுத்துட்டுப் போங்க. ஆனா தண்ணி வந்த அன்னிக்கே திரும்பி வந்தாகணும். துணி மலையா குவிஞ்சு கிடக்கு."

"தந்துடறேன்மா."

"அவசரமில்ல. உங்க இலாகா மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. ரொம்ப நாளைக்கு உங்ககிட்டதான் இருக்கும்."

மறுநாள் இடி வேலையில இறங்கினாரு. டிரம்ஸ் விளிம்பை கிளிப்பு கவ்வுச்சு. அதிர்ச்சி மைக்குக்கு ஏறாம இருக்க, கிளிப்பு வாயில பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சுத் துண்டு. தலைமுடிக்குப் போடற ரப்பர் பேண்டால மைக்கை அதுல கட்டி, தோலுக்கு ரெண்டு விரக்கடை மேல தலை சாய்ச்சு நிக்க வெச்சாரு. மேல இருக்கற பித்தளைத் தட்டுக்கு, சட்டை மாட்டற ஹேங்கர் கம்பியை வளைச்சாரு. பெரிய டிரம்முக்குள்ள ஒரு தலையணை, அது மேல ஒரு மைக்கு. ஆபீஸ் நேரத்துல வேலை விஷயமா படுத்திருந்தது அது ஒண்ணுதான். மத்தவங்க சும்மா படுத்திருந்தாங்க.

ஒரே ஒரு அடி. வாசல்ல தூங்கிட்டிருந்த செக்யூரிட்டி எந்திரிச்சு சல்யூட் வெச்சுட்டாரு.

அந்த நேரம் பார்த்து தணிக்கைக்கு வந்த ஆடிட்டர் மேடம் வராண்டா பக்கம் வந்தாங்க. கிளிப்பைக் குனிஞ்சு பார்த்தாங்க.

"இது யாரு சொத்து?"

"என் வீட்டுக்காரி சொத்து மேடம்."

"அரசாங்க டிரம்ஸ் மேல தனியார் கிளிப்பா? இது ஆக்கிரமிப்பு."

"இரவலா குடுத்திருக்கா மேடம். தண்ணி வர்ற வரைக்கும்."

மேடம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டாங்க. "தண்ணி வந்தா?"

"கிளிப்பு போயிடும்."

"கிளிப்பு போனா?"

"கிளாம்பு வாங்கணும்."

"அதுக்கு நிதி இருக்கா?"

"இல்ல மேடம்"னாரு பின்னாடியே வந்து நின்ன மேனேஜர்.

"அப்ப தண்ணி விட்டா இலாகாவுக்கு இழப்பு. கவனமா இருங்க."

மேனேஜர் ஆயுசுல மொதத் தடவையா 'பார்ப்போம்'னு சொல்லல. "பார்த்துட்டேன் மேடம்"னாரு.

கெட்ட நேரம், பைப்லைன் இஞ்சினியர் சிரிச்ச முகமா ஓடி வந்தாரு. "சார், மெயின் பைப்புல அடைப்பு எடுத்தாச்சு. நாளைக்கே தண்ணி விட்டுடலாம்."

எல்லாரும் அவரைக் கொலைகாரனைப் பார்க்கற மாதிரி பார்த்தாங்க.

"யாரைக் கேட்டுய்யா எடுத்தே?"ன்னாரு மேனேஜர்.

"நீங்கதான சார் எடுக்கச் சொன்னீங்க?"

"அது கிளிப்புக்கு முன்னாடி. பொதுநலன் கருதி, மறு உத்தரவு வரும் வரை அடைப்பு தொடர்ந்து நீடிக்கணும்."

"எடுத்துட்டேனே சார்."

"திரும்ப வை. எடுத்த இடம் ஞாபகம் இருக்குல்ல?"

இடி வாயைத் திறந்தாரு. கண்ணு முன்னாடி வீட்டுத் துணி மலை வந்து நின்னுச்சு. கூடவே பர்மனென்டும் வந்து நின்னுச்சு. பர்மனென்டு ஒரு அடி முன்னாடி நின்னுச்சு. வாயை மூடிக்கிட்டாரு.

டைரக்டர் வந்தாரு. கூட்டமும் வந்துச்சு. இடி அடிச்ச அடியில வராண்டா கண்ணாடி கிடுகிடுத்துச்சு. மக்கள் மொதல்ல அசந்து நின்னாங்க. அப்புறம் ஒரு பக்கெட்டு தாளத்துல சேர்ந்துச்சு. இன்னொண்ணு சேர்ந்துச்சு. கொஞ்ச நேரத்துல வாசலே ஒரே தாளமா போயிட்டிருந்துச்சு. தண்ணின்னு கத்த வந்தவங்க, கத்தினா தாளம் தப்பிடும்னு கத்தறதையே விட்டுட்டாங்க.

டைரக்டருக்கு மெய் சிலிர்த்துப் போச்சு. "மக்களும் இலாகாவும் கைகோத்து நிக்கிறதை இன்னிக்குதான் பார்க்கறேன். இது என்ன, துணி கிளிப்பா? என்ன எளிமை, என்ன எளிமை"ன்னு சொல்லி, ஒண்ணைக் கழட்டித் தன் சட்டைக் காலர்ல மாட்டிக்கிட்டாரு. மறுநாள் ஆபீஸ்ல கிளிப்பு இல்லாத காலரே கிடையாது. அடுத்த வாரம் ஊரே மாட்டிக்கிச்சு. கடையில கிளிப்பு தீர்ந்துபோய், எளிமைக்கு விலை ஏறிப் போச்சு.

டைரக்டர் வந்துட்டுப் போன அன்னிக்கு சாயங்காலம் இடி வீட்டுக்குப் போனாரு. "பர்மனென்ட் ஆயிடுச்சும்மா."

"நெசமாவா? தண்ணி என்னாச்சுங்க?"

"அதுவும் பர்மனென்ட்தான்."

அந்தம்மா துணி மலையைப் பார்த்துச்சு. அவரைப் பார்த்துச்சு. அடுத்த தடவை கூட்டம் கூடினப்ப, காலி பக்கெட்டோட முன்வரிசையில வந்து நின்னுச்சு. சண்டைக்குதான் வந்திருக்கான்னு இடி டிரம்ஸுக்குப் பின்னாடி குனிஞ்சுக்கிட்டாரு.

"சார், என் பக்கெட்டு சத்தம் பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்க மாட்டேங்குதாம்"னு மேனேஜர்கிட்ட சொல்லுச்சு. "இதுக்கும் ஒரு மைக் குடுங்க. கிளிப்பு என்கிட்ட இருக்கு"ன்னு ஊரோட சேர்ந்து தானும் வாங்கித் தோள்ல மாட்டியிருந்ததைக் கழட்டிக் காட்டுச்சு.

பின்னாடி நின்ன மொத்தக் கூட்டமும் காலர்ல இருந்து கிளிப்பைக் கழட்டுச்சு.

"பார்ப்போம்"னாரு மேனேஜர்.

வாசிப்பு ஆரம்பிச்சுச்சு. நல்லா சூடு புடிச்ச நேரத்துல, திரும்ப வெச்ச அடைப்பு சரியா உக்காரல போல. வாசல் ஓரத்துக் குழாய் ரெண்டு தடவை இருமிட்டு, தண்ணியைக் கொட்ட ஆரம்பிச்சுடுச்சு. அதுக்குக் கீழ, கவுக்காம நிமித்தி வெச்சுப் பக்கவாட்டுல தட்டிட்டிருந்தது இடி பொண்டாட்டியோட பக்கெட்டு. பாதி ரொம்பிடுச்சு. அந்தம்மா தட்டினா 'டம்'முன்னு வரல, 'பொத்'துன்னு வருது.

எல்லாரும் திரும்பி முறைச்சாங்க.

"மன்னிச்சுக்கங்க"ன்னு சொல்லி, தண்ணியை மண்ணுல கவுத்து ஊத்திட்டு, குழாயை இறுக்கி மூடிட்டு, விட்ட தாளத்தைப் புடிச்சுச்சு அந்தம்மா.